இடது மூலை மாம்பழம்

வீட்டிலிருந்த பழைய மடிக்கணினிக்குப் புது விண்டோஸ் போடுவதா வேண்டாமா என்று ஒரு பட்டாசு சீசன் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது. ரெண்டாயிரத்து ஒன்பது வாக்கில் இருக்கும்.

மகன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வரைகிறவன். முதலாளி புதுசு வாங்கியபோது தன் பழசை இவனிடம் கொடுத்துவிட்டார். அதைத் திறந்து வைத்துவிட்டு உலை வைக்கப் போனால், சோறு வடிக்கிற நேரத்துக்குத்தான் படம் தெரியும். புதுசு போட்டால் அச்சக வேலையை வீட்டிலேயும் பார்க்கலாம் என்றான் மகன்.

"கெழட்டு மிஷினு, அது தாங்குமா?" என்றாள் மருமகள்.

ரெண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். கேட்டால் ஒழிய வாய் திறக்காதவள் நான்.

"சீசன் முடியட்டும்லே" என்றேன்.

தீபாவளி முடியும்வரை எங்கள் பக்கம் ஓடுகிற மிஷினில் ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடமாட்டார்கள். அதனால் மகனும் சரியென்று விட்டுவிட்டான்.

என் கவலை வேறு. தங்கச்சி மலேசியாவில் அவள் மகனோடு இருக்கிறாள். மத்தியானம் மகன் அச்சகத்துக்கும் மருமகள் தீப்பெட்டி ஆபீசுக்கும் போனபிறகு, நானும் அவளும் அந்தக் கணினியில் முகம் பார்த்துப் பேசுவோம். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. இடது மூலையில் இருக்கிற நீலப் படத்தை ரெண்டு தட்டுத் தட்டினால் தங்கச்சி வருவாள். கணினியில் என் படிப்பு அம்புட்டுதான். புதுசு போட்டால் அந்தப் படம் எங்கே போய் உட்காருமோ? தங்கச்சிக்குப் போட்டுத் தரும்படி மருமகளைச் சொல்லலாம். ஆனால் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வைக்கிற குழம்பைப் பற்றி எப்படிப் பேசுவது?

தீபாவளியும் முடிந்தது. அடுத்த வாரத்தில் ஒருநாள் தங்கச்சி கேலியை ஆரம்பித்தாள்.

"ஏக்கா, இனி என்ன சாக்குச் சொல்லப் போற? படம் எடம் மாறிட்டா, மருமக கொளம்பப் பத்தி நீ சொவத்துக்கிட்டதான் பேசணும்!"

சத்தத்தைக் குறைக்க எனக்குத் தெரியாது. ஆர்டர் இல்லையென்று சீக்கிரம் வந்துவிட்ட மகன் வாசலில் நின்று அவ்வளவையும் கேட்டிருக்கிறான்.

"இதுக்குத்தானாம்மா சீசன் சீசன்னு சொன்ன?"

"ஏலே, அவகிட்டச் சொல்லிராத."

"சொல்லல. ஆனா புதுசு போடத்தான் போறேன். ஒனக்கு என்ன படம் வேணும்னு சொல்லு, அதே மூலையில வச்சுத் தாரேன்."

சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது நானும் தங்கச்சியும் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுவோம். அதில் ஒரு மாம்பழம் இருக்கும்.

"மாம்பழம்" என்றேன்.

மஞ்சள் தூக்கலாக, காம்பில் ஒரு இலையோடு வரைந்து காட்டினான். அந்த லேபிளில் ரெண்டு இலை என்றேன். பட்டாசுக் கம்பெனிக்காரர்கள்கூட இப்படித் திருத்தம் சொல்ல மாட்டார்கள் என்று முனகிக்கொண்டே இன்னொரு இலையையும் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஓடி ஒருவழியாகப் புதுசு ஏறிவிட்டது. வேகம் கூடிவிட்டது என்றான் மகன். முந்தியே தேவலை என்றாள் மருமகள். நான் மூலையைப் பார்த்தேன். மாம்பழம் இருந்தது.

காதில் மாட்ட ஒரு ஹெட்போனும் வாங்கி வந்தான். தங்கச்சி பேசுவது இனி எனக்கு மட்டும்தான் கேட்குமாம். அப்புறம் யாருக்குப் பயப்பட வேண்டும்? மருமகள் லீவு போட்டு வீட்டில் இருந்த நாளிலேயே அதை மாட்டிக்கொண்டு மாம்பழத்தைத் தட்டினேன். தங்கச்சி வந்தாள்.

"என்ன கொளம்புக்கா?"

கருவாட்டுக் குழம்பு, உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறாள் என்று ரகசியமாகத்தான் சொன்னேன்.

"ஏன்க்கா இந்தக் கத்து கத்துற?" என்றாள் தங்கச்சி.

ஹெட்போனைக் கழற்றினேன். அடுப்படியிலிருந்து மருமகள் குரல் வந்தது.

"நாளைக்கு உப்பக் கொறச்சுப் போடுறேன் அத்தை! சின்னத்தைகிட்டயும் சொல்லிருங்க!"