அம்மா சொன்ன ‘இல்லை’

நான் ஊக்கமருந்து ஊசி போட்டுக்கொண்டு ஓடினேன். வட்டக்கச்சிச் சந்தியில் நீங்கள் வெடி கொளுத்தி வரவேற்றீர்களே, அந்தத் தங்கப் பதக்கம் கள்ளப் பதக்கம்!

ஆனாலும் அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிறது. எண்ணூறு மீற்றர். கடைசி வளைவுவரை ஐந்தாவதாக வந்தேன். பிறகு ஆசியாவின் பெரிய ஆட்களெல்லாம் ஒவ்வொருவராக என் தோளுக்குப் பின்னால் போனார்கள்... இரணைமடு வாய்க்கால் கரையில் ஓடிப் பழகிய கால்கள், அத்தனை பேருக்கும் முன்னால்! வெள்ளி வாங்கியவன் வந்து என் கையைக் குலுக்கினான். நானும் கூச்சமில்லாமல் குலுக்கினேன்.

எப்படிப் பிடிபடாமல் தப்பினேன் என்று கேட்கிறீர்களா?

எங்களைப் போன்றவர்கள் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சோதனைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சிறுநீர் எடுப்பார்கள். நான் ஊசி போட்டிருந்த வாரத்திலேயே வந்தார்கள். கண்ணாடி கறுத்த வான் ஒன்று வாசலில் வந்து நின்றது. முன்பின் தெரியாத இரண்டு பேர். படலையில் நின்று என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். நான் குசினிக்குள் பாண் தின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஊசியும் தெரியாது, சோதனையும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். யுத்தகாலத்தில் இப்படியொரு வான் வந்து அண்ணாவைப் பெயர் சொல்லிக் கேட்டது. “ஓம், உள்ளுக்கை நிக்கிறான்” என்று அம்மாவே கூப்பிட்டுவிட்டார். அண்ணா திரும்பி வரவேயில்லை.

“அவன் இஞ்சை இல்லை. கண்டு கனநாள்,” என்றார் அம்மா. குரல் நடுங்கியது.

“அம்மா, பயப்படாதேங்கோ, இது விளையாட்டு ஆக்கள்” என்று ஒரு வார்த்தை... அந்த நடுக்கம் அப்போதே நின்றிருக்கும். சொன்னேனா? வாயில் வைத்த பாணை மெல்லக்கூட இல்லை. ஒருமுறை வீட்டில் இல்லாவிட்டால் எச்சரிக்கைதான் என்று எனக்குத் தெரியும். அடுத்தமுறை நான் பயிற்சி மைதானத்தின் முகவரியைக் கொடுத்தேன்; அவர்கள் அங்கே வந்தபோது என் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. போனேன், வென்றேன்!

பதக்கத்தோடு வீடு வந்த அன்று அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கூடிநின்ற சனமெல்லாம் கேட்கச் சொன்னார்:

“ஒரு பிள்ளையை என்ரை வாயாலை குடுத்திட்டன். இவனைக் குடுக்கேல்லை!”

எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பதக்கத்தை நாளைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அன்று வந்தவர்கள் யாரென்று அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? அவர் வாழ்க்கையில் வென்றது அந்த ஒன்றைத்தான்...