இடது மட்கார்டு

அந்த வண்டியைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஆரணியில் வந்தவாசி ரோட்டில் எனக்கு பைபர் ஷெட் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கடை வாசலில் நிற்கும் பொம்மை எல்லாம் செய்வேன். திண்டிவனம் பக்கம் ஒரு ஓட்டலுக்குச் செய்துகொடுத்த யானையைப் பார்த்துவிட்டுத்தான் பாண்டிச்சேரியிலிருந்து அந்தப் பிரெஞ்சுக்காரர் என்னைத் தேடி வந்தார். எண்பதை நெருங்கிய வயது. பல வருடமாக அங்கேயே குடியிருப்பவர், தமிழ் நன்றாகவே பேசினார். பின்னாலேயே லாரியில் ஒரு கார் வந்து இறங்கியது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. உப்புக் காற்றில் பெயிண்ட் உரிந்து, உடம்பெல்லாம் விரிசல்.

"யான செஞ்சவருக்கு இது பெரிய வேலயா?" என்று சிரித்தார்.

பிரான்சில் அவருடைய அப்பா நடத்திய கம்பெனியின் கார் அது. கம்பெனி என்றால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் அப்பாவும் ஒரு மெக்கானிக்கும், அவ்வளவுதான். வேறொரு பெரிய கம்பெனியின் சாதாரணக் காரிலிருந்து இன்ஜினைக் கழற்றி, அதற்கு பைபர் உடம்பு கட்டி, ரேஸ் கார் என்று விற்றிருக்கிறார்கள். எல்லாம் நாலே வருடம். விற்ற கார்களை எண்ண இரண்டு கை விரல் போதும். ஒருநாள் புதுக் காரை ஓட்டிப் பார்க்கப் போன அப்பா சாலையோர மரத்தில் மோதிச் செத்துப்போனார். கம்பெனியும் அதோடு சரி. அப்போது கொட்டகையில் நின்றிருந்த கடைசிக் கார்தான் இது. மற்றவை எல்லாம் நொறுங்கியோ துருப்பிடித்தோ போய்விட்டன, உலகத்தில் இது ஒன்றுதான் பாக்கி என்றார்.

"விரிசல மட்டும் அடச்சிடுங்க. வேற எதையும் மாத்தாதீங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள இத ஒருதடவ நல்லபடியா பாக்கணும்."

தலையை ஆட்டினேன். ஆட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

இரண்டாவது வாரம் வண்டிக்கு நேர் எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணில் பட்டது. இடது ஹெட்லைட் மட்கார்டோடு சேர்ந்து கொஞ்சம் தொங்கியிருந்தது. வலது மட்கார்டின் வளைவுக்கு அட்டை வெட்டி, அதைத் திருப்பி இடது பக்கம் வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் அகலம் வித்தியாசம். பைபர் வேலைக்கு வருவதற்கு முன் நான் தறியில் உட்கார்ந்தது மூன்று வருடம்தான். ஆனாலும் சேலையின் இரண்டு கரையும் ஒன்றுபோல் இல்லையென்றால் எனக்குச் சோறு இறங்காது. இந்த லட்சணத்தில் வேலை செய்துதான் கம்பெனியை மூடியிருக்கிறான்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஆள் செத்ததால் மூடிய கம்பெனி என்று தெரிந்தே சொன்னேன்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அட்டையைப் பார்த்தாள். "போன் பண்ணி ஒரு வார்த்த கேட்டுக்கினு செய்ங்களேன்."

"அவுருக்கு இன்னா தெரியும்? நேராக்கிக் குடுத்தா சந்தோஷப்படுவாரு. நீ சும்மா பேஜார் பண்ணாத."

அன்றைக்கே இடது மட்கார்டை அறுத்து எடுத்தேன். உட்புறத்தில், ரெசின் பசை காய்ந்த இடத்தில், ஒரு உள்ளங்கை அச்சு ஐந்து விரலோடு தெளிவாகப் பதிந்திருந்தது. சின்னக் கை. பைபரை அழுத்துகிற ரோலரைப் போடச் சோம்பல்பட்டு எவனோ அமுக்கியிருக்கிறான் என்று சிரித்தேன். துண்டு பெரிதாக இருந்ததால் நாலாக வெட்டி, மறுநாள் வந்த குப்பை வண்டியில் ஏற்றினேன்.

புது மட்கார்டு கட்டும்போது ஒன்று புரிந்தது. அந்த உள் வளைவில் ரோலர் போகாது. யார் செய்தாலும் கையால்தான் அமுக்க வேண்டும். நானும் அமுக்கினேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வண்டியை எடுக்க அவர் வந்த அன்று, இரண்டு பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல இருந்தன. பாராட்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவர் நேராக இடது பக்கம் போய், முழங்கால் மடக்கிக் குந்தி, மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"பழசு எங்க?"

"குப்பைல போட்டாச்சி சார். கோணலா இருந்துது."

"உள்ள ஒரு கை இருந்துதே?"

"இருந்துது சார்."

அவர் எழுந்திருக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பா சாவறப்ப வலது பக்கம்தான் முடிஞ்சிருந்துது. இடது பக்கம் எங்கம்மா செஞ்சாங்க. அதுக்கு முன்னால கம்பெனிக்கு லெட்டர் எழுதறதுதான் அவங்க வேல. வலதப் பாத்துப் பாத்து அவங்களே கத்துக்கினு செஞ்சாங்க. கொஞ்சம் எறங்கிடுச்சி. சின்னப்புள்ளயில அந்தக் கை மேல என் கைய வச்சிப் பாப்பேன். லாரில ஏத்தறதுக்கு முன்னாலகூட வச்சிப் பாத்தேன்."

ஏதாவது செய்தாக வேண்டும் என்ற அவசரத்தில், "இப்ப அங்க என் கைதான் சார் பதிஞ்சிருக்குது. கிரைண்டர் போட்டு எடுத்துடறேன்" என்றேன்.

"வேணாம்," என்றார். "இன்னும் எத்தன தடவ அழிப்பீங்க?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளைப் பிடித்துத்தான் எழுந்தார், வேறு பிடிமானம் அங்கே இல்லை. லாரியில் வண்டியை ஏற்றியதும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்விட்டார், திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கம்பெனியின் கடைசிக் காரை நாளைக்கு யாராவது திறந்து பார்த்து, உள்ளே இருக்கும் கையைத் தொட்டு, இதைச் செய்தவருடைய கை என்று சொல்வார்கள். அது என் கை.