பதினோராம் படுக்கை

ஏழு நாள் தங்காதவர்களின் பெயரை நோலீன் கேட்கவே மாட்டாள். படுக்கை எண்தான் பெயர். "ஏய் நாலு, கக்கூஸை உங்க தாத்தாவா வந்து கழுவுவாரு?" என்று அவள் போடும் சத்தத்தில் மலைக்கிளியே பறந்துவிடும்.

நியூசிலாந்தின் மேற்குக் கரையில், பனியாற்றுக்கு அடியில் இருக்கிற சின்ன ஊர். அங்கே முதுகு மூட்டையோடு ஊர் சுற்றும் பிள்ளைகள் தங்குகிற விடுதிக்கு இருபத்திரண்டு வருஷமாகத் துப்புரவுத் தலைவி அவள்தான். தினம் மூன்று மணி நேரம் பெருக்கித் துடைத்தால் படுக்கை இலவசம். அதுதான் ஏற்பாடு. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் போகும்போது ஒரு வார்த்தை சொல்வதில்லை. விரிப்பை உருவிக் கூடையில் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். மனசு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன பிறகுதான் நோலீன் எண்ணுக்கு மாறினாள்.

ஓந்த்ரா செக் நாட்டுப் பையன். ஆறு வாரம் இருந்தான். பெயர் தெரிந்த பிறகும் அவனை எண் சொல்லித்தான் கூப்பிடுவாள். "பதினொண்ணு!" என்று கத்தினால் "சொல்லுங்க பாஸ்" என்று துடைப்பத்தோடு வந்து சல்யூட் அடிப்பான். ஞாயிறுதோறும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை செய்து போட்டான்.

"செங்கல் மாதிரி இருக்குடா."

"அப்புறம் ஏன் பாஸ் மூணாவது தட்டு?"

பிள்ளை குட்டி இல்லாதவள். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள். நேரில் சொன்னால் அடிக்க வருவாள், ஆனால் வைத்திருந்தாள். இந்த வாரக் கடைசியில் தெற்கே கிளம்பப்போவதாக அவன் சொன்னதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

விடுதி வாசலில் ஒரு நோட்டு உண்டு. பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறவர்கள் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அதில் எழுத வேண்டும். வந்ததும் தங்கள் பெயரைத் தாங்களே அடிக்க வேண்டும். சாயங்காலம் கோடு விழாத பெயர் இருந்தால் தேட ஆள் போகும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு மறதி அதிகம். அடுப்படியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள், பெயர் அப்படியே கிடக்கும். நோலீன் திட்டிக்கொண்டே அவளாகக் கோடு போடுவாள். ஓந்த்ராவுக்கே இரண்டு தடவை போட்டிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. ஆனாலும் நோட்டைப் பார்க்க ஆறு மணிக்கு வந்தாள். ஓந்த்ராவின் பெயர் அடிபடாமல் இருந்தது. பக்கத்தில் 'மாலை நாலு' என்று எழுதியிருந்தான். மாடிக்குப் போய்ப் பார்த்தாள். பதினோராம் படுக்கையில் விரிப்பு இல்லை. அலமாரி காலி.

"நீயுமாடா? சொல்லாம பஸ் ஏறிட்டியா? நல்லா இரு!" நடை முடித்துச் சீக்கிரமே வந்து கிளம்பிவிட்டான் என்று முடிவு கட்டினாள். பஸ் டிரைவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழே வந்து பேனாவை எடுத்து, காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி ஒரு கோடு போட்டாள்.

ஐந்து நாள் கழித்து, கம்பளி எடுக்கச் சலவை அறை அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஓந்த்ராவின் மூட்டை. அதற்குள் அவன் பாஸ்போர்ட்.

பிறகுதான் எல்லாம் தெரிந்தது. திங்கட்கிழமை பெய்த மழையில் கூரை ஒழுகி ஒரு பெண்ணின் படுக்கை நனைந்துவிட்டது. அவளுக்குக் காய்ச்சல் வேறு. ஓந்த்ரா தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மூட்டையைச் சலவை அறையில் போட்டு அங்கேயே படுத்திருக்கிறான். மறுநாள் விரிப்பை உருவிப் போட்டு மூன்று மணி பஸ்ஸில் ஏறியவள் அந்தப் பெண். அவன் காலையிலேயே பள்ளத்தாக்குக்குப் போயிருந்தான்.

தேட ஹெலிகாப்டர் போன அன்றே ஓந்த்ராவின் உடல் கிடைத்தது. ஆற்றோரம் மண் சரிந்து கால் முறிந்திருக்கிறது. இரண்டு நாள் உயிரோடு இருந்திருப்பான் என்றார் டாக்டர். இரண்டு நாள்! பாவி, பாவி என்று நோலீன் தன் தலையில் அடித்துக்கொண்டாள். தேடல் குழுவின் தலைவர் நோட்டைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். "கோடு யார் போட்டதுன்னு யாரும் கேக்கல நோலீன். நீயா வாயைத் திறக்காதே."

அடுத்த வாரம் அவன் அக்கா யித்கா வந்து சேர்ந்தாள். அன்று சாயங்காலமே நோட்டைக் கேட்டாள். தம்பியின் கையெழுத்தை விரலால் தடவினாள்.

"அப்ப அன்னிக்கு அவன் திரும்பி வந்திருக்கான்" என்றாள். "வந்து பேரை அடிச்சிட்டு, மறுபடி எழுதாம போயிருக்கான். அவனோட தப்புதான், இல்லையா? எழுதாம எங்கயும் போக மாட்டேன்னு அம்மாவுக்குச் சத்தியம் பண்ணினான். அம்மா இப்ப அதையேதான் சொல்லி அழறாங்க. என்னை ஏமாத்திட்டானேன்னு."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். நோலீன் தலையாட்டவில்லை.

"அவன் ஏமாத்தல. எழுதிட்டுத்தான் போனான். கோடு நான் போட்டது."

யித்கா நிமிர்ந்தாள்.

"சொல்லாம போயிட்டான்னு நெனச்சேன். கோவத்துல போட்டுட்டேன். அந்தக் கோடு இல்லேன்னா அன்னிக்கே தேடியிருப்பாங்க. உங்கம்மாகிட்ட சொல்லு, அவன் சத்தியத்தை மீறல."

யித்கா அழவில்லை, திட்டவும் இல்லை. "அவன் படுக்கை எது?" என்று மட்டும் கேட்டாள். நோலீன் காட்டினாள். உள்ளே போய்ப் படுத்தவள், நோலீன் கொண்டுபோன டீயைத் தொடவில்லை.

மறுநாள் மூன்றே காலுக்கு நோலீன் மாடிக்குப் போனாள். பதினோராம் படுக்கையில் விரிப்பு இல்லை. அலமாரி காலி. ஒரு வார்த்தை சொல்லாமல் போயிருந்தாள். நியாயம்தான்.

நோலீன் ஓடிப்போய் பஸ் டிரைவர் மெர்வினைப் போனில் கூப்பிட்டாள்.

"செக் பொண்ணு ஒருத்தி, உன் பஸ்ல ஏறினாளா? நீ கண்ணால பாத்தியா?"

"இதோ, என் பின்னாலதான் உக்காந்திருக்கா. ஏன், எதையாவது விட்டுட்டுப் போயிட்டாளா?"

"இல்ல மெர்வின். ஏறிட்டாளான்னு கேக்கத்தான்."

போனை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.