மேற்படிப்புக்கு ஒரு சாக்குக் கல்

போன சனிக்கிழமை கிளிநொச்சிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் சைக்கிள் மணி அடித்தது. திரும்பினால் செல்லத்துரை அண்ணர், இங்கிருந்து உட்பக்கமாக இருக்கும் ஒரு குடியேற்றக் கொலனியில் வயல் செய்கிறவர்.

கரியரில் ஒரு சாக்கு. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். மரவள்ளிக் கிழங்காக இருக்கும் என்று எனக்கொரு நப்பாசை. அவிழ்த்துக் காட்டினார். கல். கழுவித் துடைத்த கல்.

"பிள்ளைக்கு மறுமொழி இன்னும் வரேல்லையாமே, மாஸ்ரர்? கல்லுக் காணாதோ எண்டு மனிசி கேக்குது. இதையும் அனுப்பிப் பாருங்கோ."

கத்தரிக்காய்க்காரி என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? சாக்கை என் சைக்கிளில் கட்டிக்கொண்டு, கத்தரிக்காயை மறந்து, வீடு வந்து சேர்ந்தேன்.

‘பிள்ளை’ வேறு யாருமில்லை. என் மனைவி பரமேஸ்வரி. வீட்டில் பரமேஸ். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். நான் இன்னொரு பள்ளிக்கூடத்தில் தமிழ். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் சோம்பலும் தெரியும், அவளுடைய பிடிவாதமும் தெரியும்.

மறுமொழி என்பது கடல் கடந்து வர வேண்டிய ஒரு கடிதம். புவிச்சரிதவியலில் மேற்படிப்பு. எந்தக் கல் எந்தக் கல்லுக்கு மூத்தது, மலை எப்படி எழும்பியது, கடல் எங்கேயிருந்து எங்கே போனது... இதையெல்லாம் ஆற அமர இருந்து படிக்கிற படிப்பு. சில பெண்களுக்குப் பட்டுச்சேலை மேல் ஆசை. இவளுக்குப் பாறை மேல். அதுவும் சின்ன வயதிலிருந்து.

போன வருஷம் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கைநூல் தபாலில் வந்தது. வழுவழுப்பான தாள், புது மணம். சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாசிப்பாள். நான் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சேர்வதற்கு நல்ல வகுப்பில் சிறப்புப் பட்டம் வேண்டும். பௌதிகம், இரசாயனம், கணிதம் படித்திருக்க வேண்டும். ஆங்கிலத்தைத் தவிர இன்னொரு ஐரோப்பிய பாஷை, வாசித்து விளங்குகிற அளவுக்காவது. தெரிந்த இருவரின் சிபாரிசு. சேர்ந்த பிறகு பாடங்கள், சோதனை, கடைசியில் ஓர் ஆய்வுக் கட்டுரை. இரண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும்.

தாலாட்டுப் போலத்தான் இருந்தது. ‘அங்கேயே தங்க வேண்டும்’ என்ற இடத்தில் மட்டும் கண் திறந்தது. திரும்ப மூடிக்கொண்டேன்.

பாஷைக்கு ஜேர்மனைப் பிடித்துக்கொண்டாள். கிளிநொச்சியில் ஜேர்மன் யார் சொல்லிக்கொடுப்பார்கள்? குசினியில் ஒரு கையில் அகப்பை, ஒரு கையில் புத்தகம். பருப்பு அடிப்பிடித்தால் அன்றைக்குப் படிப்பு நன்றாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். அந்த வருஷம் நான் நிறையக் கருகல் பருப்புச் சாப்பிட்டேன்.

இடறியது ஒன்றே ஒன்றுதான் — வெளிக்கள ஆய்வு. அவள் பட்டத்துக்குப் படித்த காலத்தில், ஆண் மாணவர்கள் காட்டில் கூடாரமடித்துத் தங்கிப் பாறைகளைப் பார்த்துப் படம் கீறினார்கள். பெண் பிள்ளைகளைக் கூடாரத்துக்கு விடுவதா? அவளையும் இன்னொருத்தியையும் ஓர் அறையில் இருத்தி, பெட்டியில் கிடந்த கல்லைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டார்கள். பட்டம் கிடைத்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமோ விடவில்லை. ஒரு நிலப்பரப்பை நேரில் நடந்து பார்த்து, உங்கள் கையால் பாறைப் படம் கீறி, வருஷ முடிவுக்குள் அறிக்கையோடு அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் முடிவு என்று எழுதிவிட்டார்கள். இது இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

நியாயத்தைப் பார்த்தீர்களா? போக விடாதவர்கள் இங்கே. போகவில்லையே என்று கேள்வி அவளிடம்.

ஓகஸ்ற் விடுமுறையில் தொடங்கினோம். தொடங்கினோம் என்கிறேன்... ஒரு பெண் தனியாக வெளியில் திரிந்தால் ஊர் வாய் சும்மா இராதே, அதனால் நானும் போனேன். குடை பிடிப்பது, அளவுநாடாவின் ஒரு முனையைப் பிடிப்பது, மீதி நேரம் பாலை மர நிழலில் சரிவது — இதுதான் என் உத்தியோகம். நான் பிறந்ததே இதற்குத்தான் என்று பட்டது.

கொலனிச் சனம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டி வயலாக்கினவர்கள். சுத்தியலும் பையுமாக ஒரு பெண் வந்து கல்லைத் தட்டுவதைப் பார்த்ததும் யாரோ கதையைக் கிளப்பிவிட்டார்கள். சீமெந்துக்குக் கல் பார்க்க அரசாங்கம் ஆள் அனுப்பியிருக்கிறது, கல் கண்டால் காணி போச்சு என்று. அவ்வளவுதான். எங்கே விசாரித்தாலும் இங்கே கல்லே இல்லை என்றார்கள். ஒருவர் தன் வளவில் தெரிந்த பாறை மேல் வைக்கோலைக் குவித்து, அதன் மேல் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் கல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்.

அவர்தான் செல்லத்துரை அண்ணர்.

பரமேஸ் வெயிலில் நின்றபடியே அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். காணிக்கு வரவில்லை, படிப்புக்கு வந்தேன், கூடாரத்துக்கு விடாததால் வந்த வினை இது என்று. அவர் அசையவில்லை. குசினிக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி இராசம்மா அக்காதான் வெளியே வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளையெண்டு விடேல்லையாமோ? நீங்கள் உதிலை இருந்து இறங்குங்கோ பாப்பம்."

இறங்கினார். அன்றிலிருந்து ‘ரீச்சர்’ போய்ப் ‘பிள்ளை’ ஆனது. பிள்ளை பாஸ் பண்ண வேண்டும் என்பது கொலனியின் கவலையானது. போகிற வீடெல்லாம் மோர்.

ஒரு மத்தியானம், நிழலில் படுத்திருந்த என் உள்ளங்கையில் பரமேஸ் ஒரு கல் துண்டை வைத்தாள். உள்ளே வெள்ளையாக ஒரு சிப்பி. இங்கே கடல் இருந்தது என்றாள். எங்கே என்று கேட்டேன். நீங்கள் படுத்திருக்கிற இடத்தில்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என் நித்திரையே வேறு மாதிரி ஆகிவிட்டது. பாதிக் கண் மூடினால் போதும்... பாலை மரக் கிளைகளுக்கிடையே மீன்கள் திரும்பித் திரும்பிப் போயின. வயல்வெளி முழுக்கப் பச்சைத் தண்ணீர். முல்லைத்தீவு பஸ் புழுதி கிளப்பாமல் கடலடியில் மெதுவாக ஊர்ந்தது. உள்ளேயிருந்த பெண்களின் சேலைத் தலைப்புகள் ஜன்னல் வழியே அலைந்தன. வெயில் தலைக்கு மேலே எங்கேயோ உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கடலின் அடியில் பரமேஸ் சுத்தியலோடு நடந்துகொண்டிருந்தாள். தூரம்... இன்னும் தூரம். கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை.

திடுக்கிட்டு எழும்பிவிட்டேன். அவள் பத்தடி தள்ளி நின்று ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது, அவள் போவது எனக்கு விருப்பமில்லை என்று. அவளுக்குக் கிடைக்காமல் போவதும் விருப்பமில்லை. இரண்டையும் ஒரே மனது எப்படி வைத்திருக்கிறது? தெரியவில்லை.

அவள் தேடிக்கொண்டிருந்தது ஓர் இடத்தை. சிப்பி கிடந்த கடல் கல்லும், அதற்கு அடியிலிருக்கும் மகா பழைய கருங்கல்லும் ஒன்றையொன்று தொடுகிற இடம். அது கிடைக்காவிட்டால் படம் அரைகுறை. அறிக்கை அனுப்பியும் பயனில்லை. தண்ணீர் மறித்துக் காய்ந்து கிடந்த ஒரு வாய்க்காலின் கரையில், மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் அளவு எட்டிப் பார்த்தது அது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கலியாணத்தன்றுகூட அந்த வெளிச்சம் இருக்கவில்லை.

வெள்ளை மையால் அடையாளமிட்டாள். செல்லத்துரை அண்ணரைக் கூப்பிட்டுக் காட்டி, இது ஒன்று இருந்தால் போதும், என் படிப்பே இதில்தான் இருக்கிறது என்றாள். படம் எடுக்கலாமென்றால், மாங்குளச் சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் இரவல் வாங்கிய கமராவில் பிலிம் இல்லை. பிலிம் தேடி வவுனியா போனோம். அடுத்த நாள்தான் திரும்பினோம்.

வாய்க்கால் கரையில் மர நிழலில் ஒரு கதிரை போட்டிருந்தது. பக்கத்தில் சீவி வைத்த இளநீர். கதிரைக்கு முன்னால் குவித்து வைத்த கல்லுக் கும்பி. அதற்கு அப்பால், வெள்ளை மை அடையாளம் இருந்த இடத்தில், ஆள் உயரத்துக்குத் தோண்டிய ஒரு கிடங்கு.

"இனி நீங்கள் வெயிலுக்கை திரியத் தேவையில்லைப் பிள்ளை" என்றார் செல்லத்துரை அண்ணர். "அடியோடை கெல்லி எடுத்துக் கழுவி வைச்சிருக்கிறம்."

சுற்றி நின்ற ஆண்கள் எல்லோருக்கும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள். பாறையை உடைத்துத்தான் அங்கே மண் கண்டார்கள். கல்லென்றால் உடைக்க அலவாங்கை எடு என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த மரியாதை. ஊரே சேர்ந்து, சம்பளமில்லாமல், ஒரு பகல் முழுக்க வெட்டியிருக்கிறது.

பரமேஸ் கதிரையில் இருந்தாள். இளநீரை யாரோ கையில் கொடுத்தார்கள். வாங்கினாள், குடிக்கவில்லை. பிறகு அழத் தொடங்கினாள்.

"எனக்குக் கல்லு வேண்டாம் அண்ணை. அது எங்கை, எதுக்கு மேலை கிடந்தது எண்டதுதான் படிப்பு."

உண்மையைச் சொல்லட்டுமா? நான் விரும்பாத அந்தப் பயணம் இதோடு முடிந்தது என்று அந்த நேரத்தில் தெரிந்தும், எனக்குத் துளிச் சந்தோஷம் வரவில்லை. அந்தக் கல்லை நானே திரும்பப் பூமிக்குள் செருகிவிடலாமா என்றுதான் கை துடித்தது.

அதையே இராசம்மா அக்கா சொல்லிவிட்டார். எடுத்தவர்களே திருப்பி வையுங்கள் என்று. ஆண்கள் உண்மையாகவே கும்பியைத் தூக்கத் தொடங்கினார்கள். இது மேலே கிடந்தது என்று ஒருவர், இல்லை அடியில் என்று ஒருவர். வாய்த்தர்க்கம் முற்றியது. பரமேஸுக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று கிடங்குக்குள் இறங்கினாள்.

இறங்கியவள் ஏறி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். கிடங்கின் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ... நாடாவை விடுங்கோ." குரல் மாறியிருந்தது.

நானும் இறங்கினேன். புதிதாக வெட்டுப்பட்ட சுவர். மேலே சிப்பியும் சங்குமாகக் கடல் கல். அடியில் பளபளவென்று கருங்கல். இரண்டுக்கும் நடுவில் உருண்டை உருண்டையாகக் கூழாங்கல் வரிசை. அலை உருட்டிய கல், இதுதான் கடற்கரை என்றாள். வெளியே ஒரு சாண் மட்டும் தெரிந்தது, உள்ளே எங்கள் தலை மட்டம் வரை இருந்தது. மனுஷ வாசனையே படாத ஒரு கடற்கரை. அங்கே நாங்கள் இரண்டு பேரும் அலவாங்கு கொத்திய மண்ணில் நின்றோம். விரலால் ஒரு கூழாங்கல்லைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. மேலே கொலனிச் சனம் மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம்? நாடாவைப் பிடிக்க மறந்துபோனேன் என்பது மட்டும் ஞாபகம்.

அளந்தாள், கீறினாள், படம் எடுத்தாள். தண்ணீர் திறந்துவிடுவதற்கு முதல் அண்ணரும் ஆட்களும் கிடங்கை மூடிக் கரையைச் சரிசெய்தார்கள்.

பிறகு இன்னொரு சிக்கல். அறிக்கையின் கடைசியில், இது முழுவதும் பிறர் உதவியின்றிச் செய்தது என்று கையெழுத்து வைக்க வேண்டும். பேசாமல் வையும், அங்கேயிருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்றேன். படத்திலேயே அலவாங்கு கொத்தின அடையாளம் தெரிகிறது, பார்த்தவுடன் கண்டுபிடிப்பார்கள் என்றாள். அடையாளம் தெரியாவிட்டாலும் எழுதத்தான் போகிறேன் என்றும் சொன்னாள். கிடங்கு வெட்டியது கொலனி மக்கள், நான் கேட்காமலே வெட்டினார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

அனுப்பியதிலிருந்து தபால்காரரின் சைக்கிள் எங்கள் ஒழுங்கையில் திரும்பினாலே வீடு அமைதியாகிவிடும். அந்த ஒரு வரி கெடுத்துவிட்டதோ என்று எனக்குப் பயம். அண்ணருக்குக் கல் காணாதோ என்று பயம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது.

எடுத்துக்கொள்கிறார்களாம். உதவிச் சம்பளமும் உண்டு. அடியில் பேராசிரியர் கைப்பட ஒரு குறிப்பு: இப்படியொரு கிடங்கை வெட்டுவதற்கு ஆளும் பணமும் எப்படிச் சேர்த்தீர்கள், எங்கள் மாணவர்களுக்கு நாங்களே இதைச் செய்துகொடுக்க முடிவதில்லையே என்று. பாவம், அவருக்கு யார் விளங்கப்படுத்துவது? பட்டம், பாஷை, சிபாரிசு என்று எல்லாம் ஒரு தனி ஆளிடம் இருக்க வேண்டியவை என்றுதான் அந்தக் கைநூல் நினைக்கிறது. சுற்றியிருக்கிற சனத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பரமேஸ் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். இத்தனை மாதமும் கல்லையும் படத்தையும் பற்றியே பேசியவள், முதல் தடவையாக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் போகட்டோ?"

"ஓம். நீர் போகாட்டி, அந்தக் கிடங்கைத் திருப்பிக் கெல்லி என்னைப் போட்டு மூடிப்போடும் அந்தச் சனம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து இருந்து, இரண்டு வருஷந்தானே, எங்கள் பாடத்தில் அது ஒரு காலமே இல்லை என்றாள்.

இருக்கலாம். அந்தப் பாடத்துக்கு எனக்குத் தகுதி போதாது.