தோணிப்பாய் ஊசியும் கல்தூண் காளியும்

எழுபதுகளில் ஒரு தசராவுக்குக் காளி வேஷம் கட்டுவதாக நேர்ந்திருந்தேன். உடுப்புத் தைத்தவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிப் பாய் தைக்கிறவர். உப்பில் வெளுத்த புருவம், உள்ளங்கையில் தோலுறை, வாயில் எந்நேரமும் வசவு. பழைய கோயில் கல்தூணில் இருக்கும் காளியை நூல் பிடித்து அளந்து வந்திருந்தார்.

"கல்லுச் செலையில முடிச்சும் இல்ல, பொத்தானும் இல்ல. உடம்போட வச்சுத்தாம்லே தைக்கணும்."

இடுப்புப் பட்டையைத் தைக்கும்வரை, "ஏலே, அசையாத!" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். கிரீடம் ஏறியதும் அவர் வாய் மூடிக்கொண்டது. கிரீடம் வைத்த வேஷக்காரனை எங்கள் பக்கம் அம்மனாகத்தான் கும்பிடுவார்கள். எனக்கோ அந்த மௌனம் வசவைவிடப் பயமாக இருந்தது. கழுத்துப் பட்டையைத் தைக்கையில் அந்த நீள ஊசி தொண்டைக்குழியை ஒட்டிப் போய் வந்தது. எச்சில் விழுங்கினேன். சுருக்கென்று இறங்கியது. ரத்தம்.

அவர் என் காலில் விழுந்தார். "பொறுத்துக்கோ தாயே, எங் கை தப்பிட்டு."

தப்பிய அதே கையால்தான் மிச்சத் தையலையும் போட்டார். நான் மூச்சே விடவில்லை.

வேஷம் கலைத்த மறுநாள் டீக்கடையில் காயத்தைக் காட்டி, "கை தப்பிட்டுன்னு நீங்கதான சொன்னீங்க, அண்ணாச்சி?" என்றேன்.

நிதானமாக டீயை ஊதினார்.

"அது அம்மங்கிட்ட சொன்னது. அசைஞ்சது நீதாம்லே."