அல்ஃபோன்சாஸ் விட்டுவைத்த கோடு

எங்கள் ஊர் கூடைப்பந்து அணிக்கு நாரைகள் என்று பெயர். சர்க்கரை ஆலைத் தொழிலாளிகள் தொடங்கிய அணி அது. லிதுவேனியா தனி நாடான பிறகு சம்பளத்துக்கு ஆட ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு முறை முதல்நிலை லீகில் மூன்றாம் இடம் வந்தோம். அன்று கடைசி நொடியில் இடது பக்கம், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எங்கள் ஆட்டக்காரர் விர்கிலியுஸ் எறிந்த பந்துதான் பதக்கம் தந்தது.

அரங்கின் தரையைப் பராமரித்து வந்தவர் அல்ஃபோன்சாஸ். மற்றவர்கள் தேவாலயத்துக்குள் நுழைவதுபோல அவர் அந்தத் தரையில் கால் வைப்பார். நான் வாசலில் பார்வையாளர்களின் குளிர் அங்கிகளை வாங்கி மாட்டுகிறவள். அதிகம் பேசமாட்டேன். அவரும் அப்படித்தான்.

பிறகு விதி மாறியது. மூன்று புள்ளிக் கோட்டை அரை மீட்டர் பின்னால் தள்ளச் சொன்னார்கள். அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி, உள்ளே நின்று போட்டால் இரண்டுதான். அல்ஃபோன்சாஸ் புதுக் கோடு போட்டார், பழையதைத் தேய்த்து அழித்தார். விர்கிலியுஸ் நின்ற இடத்தில் மட்டும் ஒரு முழம் அழிக்கவில்லை. மேலே வார்னிஷ் பூசியதால் அது மங்கலாகத்தான் தெரிந்தது. லீகிலிருந்து சோதிக்க வந்தவர் கவனிக்கவில்லை.

அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்நிலை லீகுக்குப் போகவேண்டும். கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் ஊர்ப் பையன் ரிம்விதாஸ் இடது பக்கம் ஓடிவந்து, குனிந்து காலடியில் கோட்டைப் பார்த்து, அதற்கு வெளியே நின்று எறிந்தான். பந்து விழுந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அரங்கமே கத்தியது. நடுவர் இரண்டு விரலைத்தான் காட்டினார்; ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் பையன்களுக்கு மூச்சில்லை. தோற்றோம்.

சந்தையில் ரிம்விதாஸுக்கு யாரும் முகம் கொடுக்கவில்லை. கறிக்கடைக்காரர் அவன் காதில் விழும்படியே, "கோடு எங்க இருக்குன்னே தெரியல, இவனுக்குச் சம்பளம் வேற" என்றார். அவனை அனுப்பிவிட நிர்வாகம் முடிவு செய்திருப்பதாகப் பேச்சு. தரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பருவம் முடிந்ததும் வழக்கமான விருந்து. பூண்டு தேய்த்த வறுத்த ரொட்டியும் பீரும் வந்தபோது அல்ஃபோன்சாஸ் எழுந்து நின்றார். அவர் எழுந்து பேசி நாங்கள் பார்த்ததில்லை.

"பழைய கோட்டுல கொஞ்சம் அழிக்காம விட்டது நான்தான். பையன் அதப் பாத்துதான் ஏமாந்தான்."

நிர்வாகத் தலைவர் ஏன் என்று கேட்டார். விர்கிலியுஸ் நின்ற இடம் என்றார், சின்னக் குரலில். யாரோ சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றான் ரிம்விதாஸ்.

"அப்புறம் ஏண்டா சொல்லல?"

"சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க. நான் வேற ஊர்ல ஆடிக்குவேன். நீங்க எங்க போவீங்க?"

அல்ஃபோன்சாஸ் உட்கார்ந்துவிட்டார். முகம் காதுவரை சிவந்திருந்தது. அவர் தட்டில் ரொட்டி அப்படியே இருந்தது.

மறுநாள் அவரே அரங்கின் சாவியைத் திருப்பிக் கொடுத்து வேலையை விட்டார். அணி ரிம்விதாஸை வைத்துக்கொண்டது. இப்போது கீழ்நிலை லீகில் ஆடுகிறோம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அல்ஃபோன்சாஸ் சீட்டு வாங்கி வருகிறார். ஆனால் உள்ளே போவதில்லை. என் பக்கத்தில் நின்று அங்கிகளை மாட்டுகிறார். உள்ளே சத்தம் எழும்போதெல்லாம், யார் போட்டது என்று என்னைப் போய்ப் பார்த்துவரச் சொல்கிறார். ரிம்விதாஸ் என்றால், கையிலிருக்கும் அங்கியை முகத்தருகே தூக்கிப் பிடித்துக்கொள்கிறார்.