ஆஃப்ரீன் முகத்தில் விழாத வெளிச்சம்

கச்சேரி ரோட்டுச் சந்தில் கலீமுல்லாவின் வீட்டுக்குப் போனால், எங்கே உட்காருவது என்பதைக்கூட நாம் முடிவு செய்ய முடியாது. யாராவது ட்யூப்லைட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. "இப்டித் திரும்பிக் குந்துப்பா, மூஞ்சியே தெர்ல" என்று தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவார். சினிமாவில் லைட்மேனாகவே தலை நரைத்தவர். எத்தனையோ கதாநாயகிகளின் முகத்தில் நிழல் விழாமல் பார்த்துக்கொண்டவர். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை.

அவர் மகள் ஆஃப்ரீன் துணை நடிகை. சந்தைக் கூட்டத்தில் ஒருத்தி, கல்யாணப் பந்தியில் ஒருத்தி என்று யாருடைய தோளுக்கோ பின்னால் நின்றே அவளுக்குக் காலம் ஓடியது. இப்போதுதான் முதல்முறையாக ஒரு வசனம் கிடைத்தது, அதுவும் அத்தா வேலை செய்யும் படத்திலேயே. கலீமுல்லாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. "எம்பொண்ணு மூஞ்சி தியேட்டர்ல இம்மாம் பெருசா தெரியும், பாத்துக்கினே இரு" என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

படமோ உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. சூரியனைப் புழுதி மூடிவிட்டது, கரண்ட் என்ற பேச்சே கிடையாது. பாலவாக்கத்தில் இடிக்கப்போகும் ஒரு பங்களாவைப் பிடித்து, ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துப் பட்டப்பகலை இருட்டாக்கியிருந்தார்கள். ஒரே ஒரு ஜன்னல் வழியாக மட்டும் மங்கலாக ஒரு கீற்று வந்தது. ஒளிப்பதிவாளர் ஸஹானா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"பாய், மூலைல இருக்கற பொண்ணு முகம் தெரியவே கூடாது. யாரோ இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும். அப்பதான் பார்க்கறவங்களுக்குப் பக்குனு இருக்கும்."

கலீமுல்லா தலையை ஆட்டினார். நெஞ்சு கேட்கவில்லை. டேக் ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைத் தூணோரம் சாய்த்து வைத்தார். கீற்று அதில் பட்டுத் திரும்பி ஆஃப்ரீனின் கன்னத்தில் விழுந்தது. பாவம், பெற்ற மனசு வேறென்ன செய்யும்?

"கட்! அந்த வெளிச்சம் எங்கேர்ந்து வருது?" என்றார் ஸஹானா.

கலீமுல்லா வாயைத் திறப்பதற்குள் மூலையிலிருந்து ஆஃப்ரீனே பேசினாள். "எடுத்துடு அத்தா. என் மூஞ்சி தெரியாட்டி போவுது. உலகமே செத்துக் கெடக்குது, நான் மட்டும் பளபளன்னு இருந்தா நல்லாவா கீது?"

அவருக்குச் சுருக்கென்றது. அட்டையை எடுத்தார். கசிகிற கொஞ்ச வெளிச்சத்தையும் மறைக்க ஸஹானா ஆள் கேட்டபோது, வேறு யாரையும் விடாமல் தானே கறுப்புத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் நின்றார். அவள் முகம் அவருக்கே தெரியாமல் போயிற்று.

இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. நடுங்கி, தொண்டை வறண்டு.

"யாராவது இருக்கீங்களா? உயிரோட... யாராவது இருக்கீங்களா?"

இத்தனை வருஷத்தில் பெற்றவரே அவளிடம் இப்படியொரு குரலைக் கேட்டதில்லை. டேக் ஓடும்போது தும்மலைக்கூட விழுங்கிவிடுகிற கலீமுல்லா, தன்னை மறந்து வாய்விட்டுச் சொன்னார்.

"இருக்கேம்மா. அத்தா இங்கதான் கீறேன்."

டேக் வீணாகிப் போயிற்று. யாரும் திட்டவில்லை. மறுபடி எடுத்தார்கள். இந்த முறை தோள் துண்டின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, துணி ஆடாமல் பிடித்தார். ஸஹானா "ஓகே" சொன்ன பிறகும் அதை இறக்கவில்லை. இறக்கினால், அழுதது மகளுக்குத் தெரிந்துவிடும்.